வண்டியின் மெருகும் கைப்பணமும்

வெயிலில் நிறுத்தப்பட்ட கறுப்பு நிறக் காரைக் கூர்ந்து நோக்குங்கள். சூரிய ஒளி பட்டுத் தெறிக்கும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போன்ற மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். இவை பெரும்பாலும் நாள்தோறும் நாம் துடைக்கும் துணியால் விளைந்தவை.

இன்றைய கார்களில் நிறப்பூச்சின் மேல் 'கிளியர் கோட்' எனும் நிறமற்ற காப்புப் பூச்சு உண்டு. அதன் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் மட்டுமே. தூசி படிந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைத்தாலும், ஒரே வாளி நீரில் துணியை மீண்டும் மீண்டும் நனைத்துத் துடைத்தாலும், துணியில் சிக்கிய மணல் துகள்கள் அப்பூச்சைக் கீறுகின்றன.

வருமுன் காத்தல்

முதலில் நீரைப் பாய்ச்சித் தூசியை அகற்றுக. பின்னர் இரண்டு வாளிகளைப் பயன்படுத்துக: ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் துணியை அலசத் தூய நீர். மைக்ரோஃபைபர் துணியால், நிழலில், மேலிருந்து கீழாகத் துடைப்பதே முறை.

கீறல் விழுந்த பின்

கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தடைபடாவிடில் பாலிஷ் செய்தால் பெரும்பாலும் மறையும். நகம் சிக்கினாலோ, அடிப்பூச்சு தெரிந்தாலோ, டச்-அப் பெயின்ட் அல்லது மறுபூச்சு தேவைப்படும். பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துச் சமன் செய்கிறது. எனவே ஒவ்வொரு சர்வீசின்போதும் 'ரப்பிங்' செய்வது காப்புப் பூச்சையே கரைத்துவிடும். மெழுகுப் பூச்சோ கீறலைச் சில காலம் மறைக்கும், அவ்வளவே. செராமிக் பூச்சு இடுவோர், அதற்கு முன்பே கீறல்களை நீக்கிக்கொள்ள வேண்டும்.

காப்பீட்டுக் கணக்கு

தேய்மானத்தால் வரும் மெல்லிய கீறல்களுக்குக் காப்பீடு கிடையாது. விபத்தில் விழுந்த ஆழமான கீறலுக்கு இழப்பீடு கோரலாம். ஆனால் கோருமுன் கணக்கிடுக. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான 'நோ கிளெய்ம் போனஸ்', சொந்தச் சேதப் பிரீமியத்தில் முதலாண்டில் 20 விழுக்காட்டில் தொடங்கி, 25, 35, 45 என உயர்ந்து, ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காட்டை எட்டுகிறது. ஒருமுறை கோரினால், அதற்கெனத் தனிப் பாதுகாப்பு எடுத்திராவிடில், அது பொதுவாகச் சுழியத்திற்கு இறங்கும்.

சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 ரூபாய், போனஸ் 50 விழுக்காடு எனக் கொள்வோம். கீறலைச் சரிசெய்ய 4,500 ரூபாய் ஆகிறது. 1,500 சிசி வரையிலான கார்களுக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். கிடைப்பது அதிகபட்சம் 3,500. இழப்பதோ அடுத்த ஆண்டில் மட்டும் 4,000. பிரீமியம் மாறாதெனில், போனஸ் மீண்டும் 50 விழுக்காட்டை எட்டும் வரை மொத்தம் 10,000 ரூபாய்!

பழைய கார் வாங்குவோர் பூச்சின் தடிமனைக் கருவியால் அளந்து, மறுபூச்சு கண்ட பகுதியைக் கண்டறிந்து விலையைக் குறைப்பதுண்டு. கடனில் வாங்கிய வண்டிக்கு ஏழு ஆண்டு வரை தவணை கட்டுகிறோம். தவணை முடியும் நாளில் அவ்வண்டி நல்ல விலை பெற வேண்டுமெனில், இன்றே ஒரு வாளியைக் கூடுதலாக எடுத்து வைப்பது சிக்கனமான முதலீடு.