விருந்துக்கு ஒரு குடலை இட்லி

காஞ்சிபுரத்தில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு ஒரு சௌகரியமும் ஒரு சங்கடமும் உண்டு. சௌகரியம், வாசலைத் தாண்டினால் கோயில். சங்கடம், கோயிலுக்கு வருகிற உறவுக்காரர்கள் எல்லோரும் நம் வாசலையும் தாண்டி உள்ளே வருவார்கள்! வைகாசி மாதம் வரதராஜப் பெருமாளுக்குப் பிரம்மோற்சவம். மூன்றாம் நாள் கருட சேவை. விடியற்காலையில் சேவை பார்த்துவிட்டுப் பசியோடு வருகிறவர்களுக்கு என்ன போடுவது? பத்துப் பேருக்கு மேல் போனால் தோசை வார்த்து மாளாது. சாதா இட்லி என்றால் ஐந்து ஈடு, ஆறு ஈடு எடுக்க வேண்டும். வந்தவர்களோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேச முடியாமல் அடுப்படியிலேயே நிற்க வேண்டியதுதான்.

இதற்காகவே எங்கள் ஊர்ப் பெண்கள் கையில் ஒரு பலகாரம் இருக்கிறது. அதுதான் குடலை இட்லி. கோயில் இட்லி என்றும் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் 'காஞ்சிபுரம் இட்லி' என்பார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாளுக்கு நைவேத்தியமாகும் இட்லி இது. மூங்கில் குடலையில் மந்தாரை இலையைப் பரப்பி, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கிறார்கள். ஒரு குடலைக்கு ஒரே இட்லி. வெந்ததும் வில்லை போட்டுக் கொடுக்கிறார்கள். கோயில் பக்குவம் கோயிலுக்கே உரியது. நான் இங்கே சொல்லப் போவது வீட்டுப் பக்குவம்.

இது தறி வீட்டுக்கும் ரொம்பப் பொருத்தமான பலகாரம். அடுப்பில் ஏற்றிவிட்டு ராட்டையில் தார் சுற்ற உட்கார்ந்துவிடலாம். எழுந்து எழுந்து பார்க்க வேண்டாம். ஆனால் 'ஏற்றிவிட்டால் ஆச்சு' என்று அலட்சியமாக இருந்தால் மானம் போய்விடும். எனக்குப் போயிற்று. அதைச் சொல்லிவிட்டே பக்குவத்துக்கு வருகிறேன்.

2019-ஆம் வருஷம் அத்திவரதர் வைபவம் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 40 வருஷத்துக்கு ஒரு முறை அனந்தசரஸ் திருக்குளத்திலிருந்து பெருமாள் வெளியே வருகிறார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். ஊரே திணறியது. எங்கள் வீட்டுக்கும் நாத்தனார் குடும்பம், பெரிய மாமனார் வீட்டார், அண்ணி பிள்ளைகள் என்று பதினாறு பேர் ஒரே நாளில் வந்து இறங்கினார்கள். நடு ராத்திரிக்கே வரிசையில் போய் நின்றவர்கள் திரும்பும்போது காலை பத்து மணி. பிள்ளைகள் பசியில் துவண்டுவிட்டன.

வழக்கமாக என் மாமியார்தான் குடலை இட்லி செய்வார். 1979-இல் அத்திவரதர் வந்தபோது, புது மருமகளாக விறகு அடுப்பில் செய்து போட்டவர். 2019-இல் அவருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. "இந்தத் தடவை நீயே செய்யம்மா" என்று என்னிடம் விட்டுவிட்டார். எனக்கோ ஒரே பெருமை. பாத்திரம் நிறைய மாவை ஊற்றினேன். வாசலில் குரல் கேட்டதும் மூடியைத் திறந்து பார்த்தேன். மேலே நன்றாக உப்பி, வெந்த மாதிரிதான் இருந்தது. கவிழ்த்து, எல்லோர் முன்னாலும் அறுத்தேன். ஓரமெல்லாம் பஞ்சு. நடுவில் கொழகொழவென்று பச்சை மாவு!

"அத்தை..." என்று நான் விழித்த விழி இன்னும் மறக்கவில்லை. மாமியார் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "ஏம்மா, ஈர்க்கு குத்திப் பாக்கலியா? சரி, விடு. வில்லையா போட்டு இட்லித் தட்டுல வெச்சுடு. கால் மணியில வெந்துடும்" என்றார். அப்படியே செய்தேன். அதற்குள் அவர் பிள்ளைகளுக்கு மோர் கலந்து கொடுத்து, 1979-இல் கூட்டம் எப்படி இருந்தது என்று கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். இட்லி பிழைத்தது. நானும் பிழைத்தேன்.

பிறகுதான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எந்தப் பெரிய துண்டுச் சமையலுக்கும் இது ஒன்றுதான் சூட்சுமம். மேல்நாட்டில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு உப்பில் பதம் பண்ணிய பன்றித் தொடைக் கறியை முழுசாக வேகவைத்து, மேலே கிராம்பு பதித்துச் சுட்டெடுத்து, மேசையில் வைத்து அறுத்துப் பரிமாறுகிறார்கள். அங்கேயும் இதே கவலைதான். வெளியே வெந்தால் போதாது, நடுவில் வெந்திருக்க வேண்டும். வெளியே தடவுகிற வாசனை உள்ளே போய்ச் சேராது. வாசனையும் உப்பும் முதலிலேயே உள்ளே இறங்கியிருக்க வேண்டும்.

தேவையான பொருள்கள் (பத்துப் பேருக்கு)

பச்சரிசி – 250 கிராம்
முழு வெள்ளை உளுந்து – 250 கிராம்
மிளகு – 2 தேக்கரண்டி
சீரகம் – 2 தேக்கரண்டி
சுக்குப் பொடி – ஒன்றரைத் தேக்கரண்டி
பெருங்காயப் பொடி – அரைத் தேக்கரண்டி
கறிவேப்பிலை – 2 ஆர்க்கு
நெய் – 3 மேசைக்கரண்டி
நல்லெண்ணெய் – 3 மேசைக்கரண்டி
உப்பு – இரண்டரைத் தேக்கரண்டி
மந்தாரை இலை அல்லது வாழை இலை – பாத்திரத்துக்கு வேண்டிய அளவு

சாதா இட்லிக்கு நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போடுவோம். இதற்குச் சரிக்குச் சரி. கை நடுங்காமல் போடுங்கள். மிளகாய் கிடையாது என்பதையும் கவனிக்கவும். மிளகாய் போர்ச்சுகீசியர் காலத்தில் நம் தேசத்துக்கு வந்த சரக்கு. அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். கோயில் மடைப்பள்ளிகளில் இன்றைக்கும் மிளகு, சீரகம், சுக்குக்குத்தான் முதல் மரியாதை.

செய்முறை

அரிசியையும் உளுந்தையும் தனித்தனியே மூன்று மணி நேரம் ஊறவைக்கவும். அரிசியை ரவை பதத்துக்கு அரைக்கவும். உளுந்தையும் வெண்ணெய் மாதிரி பொங்கப் பொங்க ஆட்ட வேண்டாம். கொஞ்சம் நரநரவென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். மாவு மைபோல் ஆகிவிட்டால் நடுப்பக்கம் களி மாதிரி இறுகிக்கொள்ளும். தண்ணீர் அதிகம் விடாமல் கெட்டியாகவே அரைத்து, உப்பும் சுக்குப் பொடியும் சேர்த்துக் கையால் நன்றாகக் கலந்து மூடிவைக்கவும். வைகாசி வெயிலில் எட்டு மணி நேரம் போதும். மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் கூட ஆகும். மாவு பொங்கி, லேசாகப் புளித்த வாசனை வந்தால் தயார். சோடா உப்பு வேண்டவே வேண்டாம்.

காலையில் மிளகையும் சீரகத்தையும் வெறும் சட்டியில் சூடு காட்டி, ஒன்றிரண்டாக இடித்துக் கொள்ளவும். பெருங்காயத்தைச் சிறிது தண்ணீரில் கரைக்கவும். நெய்யையும் நல்லெண்ணெயையும் சேர்த்துச் சுடவைத்துக் கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு இறக்கவும். சூடு தணிந்ததும் எல்லாவற்றையும் மாவில் விட்டுக் கலக்கவும். ரொம்ப அடித்துக் கலக்கினால் பொங்கின மாவு அமுங்கிவிடும். அடியிலிருந்து நாலு தரம் புரட்டினால் போதும். மிளகு சீரகத்தை ராத்திரியே போட்டுப் பார்த்தேன், வாசனை மங்கிவிடுகிறது.

குடலை கிடைக்காதவர்கள் இரண்டரை லிட்டர் கொள்ளும், அகலமான பாத்திரம் எடுத்துக் கொள்ளலாம். மந்தாரை இலை இருந்தால் பேஷ், அதற்கென்று ஒரு தனி மணம். இல்லாவிட்டால் வாழை இலையை அனலில் வாட்டி, அடியிலும் சுற்றிலும் போடவும். நெய் தடவி மாவை ஊற்றவும். பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தால் நிறுத்திக் கொள்ளவும். மாவு நாலு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

பெரிய இட்லிப் பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே பாத்திரத்தை உள்ளே வைக்கவும். மேலே ஆவி நீர் சொட்டாமல் இலையால் மூடவும். ஒன்றரை மணி நேரம் வேக வேண்டும். மூங்கில் குடலையாக இருந்தால் பின்னல் இடைவெளி வழியாக ஆவி நாலு பக்கமும் உள்ளே போகும். எவர்சில்வர் பாத்திரத்தில் அதற்கு வழியில்லை. சூடு சுவரிலிருந்து நடுவுக்கு மெள்ள மெள்ளத்தான் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் குடலையை விட உயரம் குறைவாக ஊற்றச் சொல்கிறேன்.

பானையில் தண்ணீர் வற்றிப் போனால் தெரிய வேண்டாமா? அடித் தண்ணீரில் கழுவிய காசு இரண்டு போட்டு வையுங்கள். தண்ணீர் இருக்கும் வரை அது கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும். சத்தம் நின்றால் எழுந்து போய்க் கொதிக்கிற தண்ணீரையே ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஆவி அடங்கி, கால் மணி வீணாகும். முதல் ஒரு மணி நேரம் மூடியை நிமிண்டவே கூடாது.

நேரம் ஆனதும் சுத்தமான தென்னை ஈர்க்கை நடுவில், அடி வரைக்கும் குத்தி எடுங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்தது. ஓரத்தில் குத்திப் பார்த்துவிட்டு ஏமாறக் கூடாது. இறக்கிக் கால் மணி நேரம் ஆறவிட்டுக் கவிழ்க்கவும். கத்தியால் அறுத்தால் ஒட்டிப் பிய்யும். எங்கள் வீட்டில் வெள்ளைப் பருத்தி நூலை நனைத்து, இரண்டு கையாலும் பிடித்து, ஒரே இழுப்பாக வில்லை போடுவோம். தொட்டுக்கொள்ள எள் போட்டு அரைத்த மிளகாய்ப் பொடியும் தேங்காய்ச் சட்னியும் போதும்.

தப்பு எங்கே நடக்கிறது?

நடுவில் வேகவில்லையா? பாத்திரத்தில் மாவு அதிகம், அல்லது அவசரம். வில்லை போட்டு மறுபடி பதினைந்து நிமிஷம் ஆவியில் வைத்துவிடுங்கள். கல் மாதிரி இருக்கிறதா? மாவு பொங்கவில்லை, அடுத்த முறை இன்னும் இரண்டு மணி நேரம் விட்டுப் பாருங்கள். மேலே நசநசவென்று இருக்கிறதா? மூடியின் தண்ணீர் சொட்டியிருக்கிறது. இவ்வளவு பெரிதாகச் செய்ய முதல் தடவை பயமாக இருந்தால், நெய் தடவிய டம்ளர்களில் முக்கால் அளவு ஊற்றி வேகவையுங்கள். இருபத்தைந்து நிமிஷத்தில் ஆகிவிடும், ருசி அதேதான்.

உடம்புக்கு எப்படி?

சரிபாதி உளுந்து இருப்பதால் இது சாதா இட்லியை விடப் புரதச்சத்து அதிகம் உள்ளது. இரண்டு வில்லை சாப்பிட்டால் மதியம் வரை பசி தெரியாது. அதே காரணத்தால் கொஞ்சம் கனமான பலகாரமும்தான். உளுந்தின் கனத்துக்கு ஈடாகத்தான் மிளகும் சீரகமும் சுக்கும் பெருங்காயமும் போட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

வயிற்றுப் புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு மிளகையும் சுக்கையும் பாதியாகக் குறைத்துத் தனி டம்ளரில் வைத்துவிடலாம். கைக்குழந்தைக்கும் அப்படியே. ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு உப்பும் காரமும் சேர்க்காத மாவில் சின்ன இட்லி வார்த்து மசித்துக் கொடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் 'உளுந்துதானே' என்று நாலு வில்லை சாப்பிட்டுவிடக் கூடாது. பாதி அரிசி இருக்கிறது. கடைப் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தை வீட்டில் இருந்தால் பொட்டலத்தைப் படித்துப் பார்த்து வாங்கவும்.

மீந்தால் வெளியே வைக்காமல் குளிர்ப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் தோசைக்கல்லில் நெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்கப் போட்டெடுத்தால் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சாப்பிடும்.

இப்போதெல்லாம் கருட சேவைக்கு முதல் நாள் ராத்திரி மாவு கலக்கும்போது என் மகளையும் மகனையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறேன். ஈர்க்கு குத்திப் பார்ப்பது அவர்கள் வேலை. "எதுக்கும்மா இதெல்லாம்? ஓட்டல்லயே கிடைக்குதே" என்கிறான் பையன். கிடைக்கும்தான். ஆனால் அத்திவரதர் அடுத்த முறை வரப்போவது 2059-இல். அப்போது எனக்கு எண்பது வயசு. உறவுக்காரர்கள் பசியோடு வந்து இறங்கும்போது அடுப்படியில் யார் நிற்பார்கள்? நான் நாற்காலியில் உட்கார்ந்து, "நடுவுல குத்திப் பாத்தியாடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் போதும் அல்லவா!