மிதக்கும் சுவர், குடிபெயர்ந்த புல்

கரையோரக் கணக்குகள் – 11

படகுத்துறைக்குள் நீர் தேங்கினால் என்ன ஆகும் என்று சென்ற வாரம் பார்த்தோம். எண்ணெய்க் கசிவும், படகின் அடியில் பூசும் செம்புச் சாயமும் போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். அதனால் நீருக்கு வழிவிட்டுக் கட்டுவதுதான் படகுத்துறைக் கலையின் பாதி. அதைப் பார்க்க இந்த வாரம் மொனாக்கோவுக்குப் போவோம்.

மொத்தமே சுமார் 2 சதுர கிலோமீட்டர்தான் அந்த நாடு. முதுகில் மலை, காலடியில் மத்தியதரைக் கடல். ஊர் வளர வேண்டுமானால் கடலுக்குள்தான் இறங்க வேண்டும். ஏற்கெனவே நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கடலைத் தூர்த்து எடுத்ததுதான்.

அங்குள்ள எர்க்யூல் துறைமுகம் கிழக்குப் பார்த்தது. கீழைக்காற்று எழுந்தால் அலை நேரே உள்ளே புகுந்து கோடீஸ்வரர்களின் படகுகளை ஆட்டிவைக்கும். கல் கொட்டித் தடுப்போமென்றால் வாயிலில் ஆழம் 50 மீட்டருக்கு மேல். அந்த ஆழத்தில் கற்குவியலின் அடி நூறு மீட்டருக்கும் அதிகமாகப் பரந்துவிடும்; கடலடி புதையும், நீரோட்டமும் அடைபடும்.

அதனால் பொறியாளர்கள் சுவரை மிதக்கவிட்டார்கள். 352 மீட்டர் நீளம், 1.6 லட்சம் டன் எடை கொண்ட கான்கிரீட் சுவர் அது. ஜிப்ரால்டருக்கு எதிரே, ஸ்பெயினின் அல்ஜெசிராஸ் ஊரில் கட்டி, 2002இல் கடல்வழியே இழுத்துவந்தார்கள். கரைப்பக்க முனை எஃகுக் குமிழ் மூட்டில் பொருந்தியிருக்கிறது, நம் தோள்மூட்டைப் போல. மறுமுனையைச் சங்கிலிகள் கடலடியோடு பிணைத்திருக்கின்றன. அலையின் வலுவெல்லாம் மேல்நீரில்தான்; அதைச் சுவர் தாங்கிக்கொள்கிறது. அடியில் நீர் தன்பாட்டுக்குப் போய்வருகிறது. சுவரின் வயிற்றுக்குள் கார் நிறுத்தமும் உண்டு!

அடுத்தது மாரெடெரா. கடலைத் தூர்த்து நிலம் எடுக்கும் பெரிய திட்டம் ஒன்றை, சுற்றுச்சூழலையும் நிதி நெருக்கடியையும் காரணம் காட்டி, 2008 இறுதியில் இளவரசர் இரண்டாம் ஆல்பெர்ட் நிறுத்திவைத்தார். பின்னர் அது சுருங்கி, 6 ஹெக்டேர் குடியிருப்பாக, சிறு படகுத்துறையோடு, 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. இருபுறமும் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகள். அங்கே போகும் நீரோட்டம் கெடாதபடி கரைக்கு வளைவு கொடுத்தார்கள். சுற்றுச்சுவர் 18 கான்கிரீட் பெட்டிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10,000 டன். அலை மோதித் திரும்பாமல் உள்ளேயே அடங்க முகப்பில் திறப்புகள் விட்டார்கள். கடலுயிர் ஒட்டி வளரக் கான்கிரீட்டைச் சொரசொரப்பாக்கினார்கள்.

வேலை தொடங்கியதும் கிளப்பியது அங்கிருந்த பொசிடோனியா கடற்புல்லை. பாசி என்று நினைக்க வேண்டாம், பூக்கும் தாவரம். பாக் நீரிணையில் கடற்பசு மேய்கிற புல்லின் தூரத்துச் சொந்தம். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் படரும் என்பதால், ஒரு திட்டு அழிந்தால் மீள நூற்றாண்டுகள் பிடிக்கும். அதை வேரோடும் மண்ணோடும் பாளம் பாளமாகப் பெயர்த்து வேறிடத்தில் நட்டார்கள். கூடவே விசிறிச் சிப்பிகளும் குடிபெயர்ந்தன.

கூரையில் சூரியத் தகடுகள், கடல்நீரின் வெப்பத்தைக் கொண்டு வீடுகளுக்குச் சூடும் குளிர்ச்சியும். குறை சொல்ல முடியாத ஏற்பாடுகள்தாம். ஆனால் இந்தப் பெட்டிகளுக்குப் பின்னால் நிரப்பிய மணல், சிசிலிப் பக்கத்துக் கடலடியிலிருந்து கப்பலில் வந்தது. மொனாக்கோவின் புல்லுக்குக் கிடைத்த கவனிப்பை வைத்து மட்டும் இதைப் பசுமைத் திட்டம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மணலைக் கொடுத்த கடலையும் சேர்த்துக் கூட்டினால்தான் அந்த 6 ஹெக்டேரின் கணக்கு முடியும்.

(தொடரும்)