ஊருக்கு ஊர் மாறாத மில்லிமீட்டர்

திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டையின் லேத் பட்டறை ஒன்றில் 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் கடைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் மாட்டவேண்டிய பேரிங் ஜப்பானில் தயாரானது. இங்கே கடைந்தவரும் அங்கே செய்தவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் பேரிங் கச்சிதமாக உட்காருகிறது. இருவரின் மில்லிமீட்டரும் ஒன்றே என்பதால்தான் இது நடக்கிறது.

பொது அளவு நமக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் 'ஆடவல்லான்' என்னும் மரக்காலையும், அதே பெயர்கொண்ட எடைக்கல்லையும் குறிப்பிடுகின்றன. ஆனால் அரசனின் அளவு அவன் எல்லையோடு நின்றுவிடும். விடுதலைக்குப் பிறகும் இங்கே இதே சிக்கல் இருந்தது. சென்னை மணங்கு சுமார் 11 கிலோ. வங்காள மணங்கு 37 கிலோவுக்கும் மேல். பெயர் ஒன்று, எடை வேறு.

1875 மே 20 அன்று பாரிஸில் 17 நாடுகள் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இந்தியா 1956-இல் எடை, அளவைத் தரச் சட்டம் இயற்றி, 1958 அக்டோபர் முதல் கிலோவைப் படிப்படியாகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 1960-இல் உலகுக்கான எஸ்.ஐ. அலகு முறை உருவானது.

முதலில் மீட்டருக்கு ஓர் உலோகக் கட்டையே ஆதாரம். 1983 முதல், வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரமே மீட்டர். கிலோகிராமும் 2019 மே 20 முதல் உலோக உருளையை விட்டு, பிளாங்க் மாறிலியைச் சார்ந்தது. இனி அளவு எந்த நாட்டின் பெட்டகத்திலும் பூட்டிக் கிடக்கவில்லை.

அந்த ஒளி பட்டறைக்கு எப்படி வருகிறது? பட்டறையின் மைக்ரோமீட்டரை ஸ்லிப் கேஜ் கொண்டு சரிபார்க்கிறார்கள். ஸ்லிப் கேஜை அளவுத்திருத்தக் கூடம் சோதிக்கிறது. அந்தக் கூடத்தின் அளவுகளை, படிப்படியாக, புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் தர அளவுகளோடு ஒப்பிடுகிறார்கள். இந்தச் சங்கிலி எங்கும் அறுந்துவிடக் கூடாது.

வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். நீள அளவுகளுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். நம் ஊரின் 35 டிகிரியில் 100 மில்லிமீட்டர் எஃகு சுமார் 17 மைக்ரான் நீண்டுவிடும். நுட்பமான பாகம் ஒன்று கழிக்கப்பட அதுவே போதும்.

ஆகவே அளவுத்திருத்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டும் காகிதமாக எண்ணாதீர்கள். கெடு முடியும் முன் கருவிகளைச் சோதனைக்கு அனுப்புங்கள். சிறு பட்டறையின் உழைப்பை உலகச் சந்தை நம்புவது அந்தச் சங்கிலியின் பலத்தில்தான்.