வரியைக் குறைக்கச் சொல்பவர் காரணம் சொல்வாரா?

அமெரிக்காவில் தங்களைப் பழமைவாதிகள் என்று சொல்லிக்கொள்பவர்களுக்குள் கருத்து வேறுபாடுகள் ஏராளம். வெளிநாட்டுப் போர், குடியேற்றம், வணிகத் தடைகள் என்று எதை எடுத்தாலும் அவர்களுக்குள் இரண்டு மூன்று அணிகள் இருக்கும். வரி குறைய வேண்டும் என்பதில் மட்டும் கடந்த அரை நூற்றாண்டாகப் பெரும்பாலும் ஒரே குரல்தான். ஆனால் ஏன் குறைய வேண்டும், குறைத்தால் என்ன நடக்கும் என்று கேட்டால், சிந்தனையாளர் ஒரு பதிலும் அரசியல்வாதி வேறொரு பதிலும் வாக்காளர் இன்னொரு பதிலும் தருகிறார்கள். பழமைவாதிகளுக்குத் தங்கள் நம்பிக்கையை விளக்கத் தெரியாது என்ற குற்றச்சாட்டு மிகப் பழையது. அது எவ்வளவு உண்மை என்பதை இந்த மூன்று தரப்பிலும் தனித்தனியே பார்த்தால்தான் தெளிவு கிடைக்கும்.

கோட்பாட்டைச் சந்தேகிக்கும் கோட்பாடு

பிரிட்டிஷ் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-இல் எழுதிய நூலில் தம் நாட்டுப் பழமைவாதக் கட்சியை அறிவு மந்தமான கட்சி என்று குறிப்பிட்டார். பின்னர் நாடாளுமன்றத்தில் அதுபற்றிக் கேள்வி எழுந்தபோது, பழமைவாதிகள் எல்லாரும் மந்தமானவர்கள் என்று தாம் சொல்லவில்லை, மந்தமானவர்களில் பெரும்பாலோர் பழமைவாதிகள் என்றே சொன்னதாக விளக்கம் தந்தார். அந்த விளக்கம் காயத்தை ஆற்றவில்லை. கிண்டல் இன்றுவரை ஓயவில்லை.

பழமைவாதத்தின் மூல ஆசிரியர்களோ விளக்கத்தின் மீதே ஓர் ஐயத்தை வைத்திருந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து 1790-இல் எட்மண்ட் பர்க் எழுதிய நூலின் சாரம் இதுதான்: ஒரு சமூகத்தின் வழக்கங்களில் பல தலைமுறைகளின் அனுபவம் படிந்திருக்கிறது. தனிமனிதர் ஒருவருக்கு அதன் காரணம் விளங்கவில்லை என்பதால் அந்த வழக்கத்துக்குக் காரணமே இல்லை என்றாகிவிடாது. 20-ஆம் நூற்றாண்டில் மைக்கேல் ஓக்‌ஷாட் இன்னும் ஒரு படி மேலே போய், பழமைவாதத்தைக் கொள்கைத் தொகுப்பாகப் பார்க்காமல் ஒரு மனப்பாங்காகவே பார்த்தார். இந்த மரபில் வந்தவர் தம் நம்பிக்கையைச் சூத்திரமாக எழுதித் தர மறுத்தால் அதை இயலாமை என்று உடனே முடிவுகட்ட முடியாது. மறுப்பதற்கே அவரிடம் ஒரு காரணம் இருக்கிறது.

வரிக் கொள்கைக்கு இந்தச் சலுகை பொருந்தாது. வரி விகிதம் ஓர் எண். அதை மாற்றச் சொல்பவர் புதிய எண்ணையும் அதன் விளைவையும் சொல்லியாக வேண்டும்.

இரவல் வாங்கிய வாதங்கள்

வரிக்குறைப்புக்குப் பழமைவாதிகள் தரும் காரணங்களை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, உரிமை வாதம். உழைப்பில் வந்த வருமானத்தின் மீது விதிக்கப்படும் வரி, கட்டாய உழைப்புக்கு ஒப்பானது என்று ஹார்வர்டு தத்துவப் பேராசிரியர் ராபர்ட் நோசிக் 1974-இல் வாதிட்டார். இரண்டாவது, ஊக்க வாதம். கூடுதலாகச் சம்பாதிப்பதில் பெரும்பகுதி வரியாகப் போனால் உழைக்கவும் முதலிடவும் ஆர்வம் குறையும். மூன்றாவது, அரசின் அளவு பற்றியது. கைக்கு வரும் பணம் குறைந்தால்தான் அரசு செலவைக் குறைக்கும். நான்காவது, நியாய வாதம். எல்லாருக்கும் ஒரே விகிதம் என்பதே சமத்துவம் என்பார்கள் இதன் ஆதரவாளர்கள். வருமானத்தில் உச்சத்தில் இருக்கும் ஒரு சதவீதத்தினர் மத்திய அரசின் வருமான வரியில் சுமார் 40 சதவீதத்தைச் செலுத்துவதை அவர்கள் சுட்டிக்காட்டுவார்கள்.

இவை தெளிவான வாதங்கள். மறுக்கலாம், புரியவில்லை என்று சொல்ல முடியாது. இவற்றில் பெரும்பாலானவை பர்க்கின் மரபில் வந்தவை அல்ல என்பதுதான் கவனிக்க வேண்டியது. நோசிக் தனிமனித சுதந்திரவாதி. சந்தைப் பொருளாதாரத்தின் பெரும் குரலான ஃபிரெட்ரிக் ஹாயக், தாம் ஏன் பழமைவாதி அல்ல என்று 1960-இல் தனிக் கட்டுரையே எழுதினார். மில்டன் ஃப்ரீட்மனும் தம்மைப் பழைய பொருளில், அதாவது தனிமனித சுதந்திரத்தை முன்னிறுத்தும் தாராளவாதி என்றே அழைத்துக்கொண்டார்.

அமெரிக்கப் பழமைவாதத்தின் சொந்த வரிக் கொள்கை ஒருகாலத்தில் வரவுசெலவுச் சமநிலையாக இருந்தது. குடியரசுக் கட்சியின் ஐசன்ஹோவர் அதிபராக இருந்த 1950-களில் உச்ச வருமான வரி விகிதம் 91 சதவீதம். பற்றாக்குறை தீராமல் வரியைக் குறைக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அந்த விகிதத்தை இறக்கும் சட்டத்தை முன்மொழிந்தவர் ஜனநாயகக் கட்சியின் கென்னடி. அவர் மறைவுக்குப் பின் 1964-இல் நிறைவேறிய அந்தச் சட்டம் உச்ச விகிதத்தை 70 ஆக இறக்கியது. பற்றாக்குறை பெருகும் என்று அதை எதிர்த்தவர்களில் குடியரசுக் கட்சியினர் பலர் இருந்தார்கள்.

வாதமும் வரலாறும்

இந்த நிலை 1970-களில் தலைகீழானது. 1974-இல் வாஷிங்டன் உணவகம் ஒன்றில் பொருளியலாளர் ஆர்தர் லாஃபர் கைதுடைக்கும் துணியில் ஒரு வளைகோட்டை வரைந்து காட்டியதாகச் சொல்வார்கள். வரி விகிதம் பூஜ்யமாக இருந்தால் அரசுக்கு வருவாய் இல்லை. நூறு சதவீதமானாலும் யாரும் உழைக்க மாட்டார்கள் என்பதால் வருவாய் இல்லை. இடையில் எங்கோ ஓர் உச்சம் இருக்கிறது. அந்த உச்சத்தைத் தாண்டிவிட்ட நாடு வரியைக் குறைத்தால் வருவாய் கூடும். கணக்கு சரிதான். நாடு அந்த உச்சத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை மட்டும் வளைகோடு சொல்வதில்லை.

1981-இல் ரொனால்ட் ரீகன் உச்ச விகிதத்தை 70-லிருந்து 50 சதவீதமாக இறக்கினார். பற்றாக்குறை பெருகவே அடுத்த ஆண்டே வேறு வரிகளை உயர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1986-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் உச்ச விகிதத்தை 28 சதவீதம் வரை கொண்டுவந்தது. ஈடாகப் பல விலக்குகள் நீக்கப்பட்டன. பணவீக்கம் தணிந்து பொருளாதாரம் வளர்ந்தது உண்மை. அவருடைய எட்டு ஆண்டுகளில் நாட்டின் கடன் ஏறத்தாழ மூன்று மடங்கானதும் உண்மை.

இன்னும் நேரடியான சோதனை கேன்சஸ் மாநிலத்தில் நடந்தது. ஆளுநர் சாம் பிரவுன்பேக் 2012-இல் வருமான வரியை வெகுவாகக் குறைத்து, பலவகைத் தொழில் வருமானங்களுக்கு முழு விலக்கும் தந்தார். எதிர்பார்த்த வளர்ச்சி வரவில்லை. வருவாய் சரிந்தது, மாநிலத்தின் கடன் தரமதிப்பீடு இறங்கியது. 2017-இல் அவருடைய குடியரசுக் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம், ஆளுநரின் தடையையும் மீறி அந்தக் குறைப்பை விலக்கியது. அந்த வாக்கெடுப்பில் பழைய சமநிலைப் பழமைவாதமும் புதிய குறைப்புப் பழமைவாதமும் ஒரே கட்சிக்குள் மோதின. அரசியல்வாதிகளின் விளக்கம் குழம்புவதற்கு முக்கியக் காரணம் இதுதான்: வருவாய் கூடும் என்ற வாக்குறுதியும், வருவாய் குறைந்து அரசு சுருங்கும் என்ற எதிர்பார்ப்பும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. இரண்டும் சேர்ந்து நடக்க முடியாது.

வாக்காளர் என்ன சொல்கிறார்?

சாதாரண மக்களின் அரசியல் நம்பிக்கை எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது என்பதை ஆராய்ந்த ஃபிலிப் கான்வர்ஸ் 1964-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிப்படை ஆய்வுகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1956-ஆம் ஆண்டு நேர்காணல்களை வைத்து அவர் கண்டது: கட்சிகளையும் வேட்பாளர்களையும் இடதுசாரி, வலதுசாரி என்ற கொள்கைச் சட்டகத்தில் வைத்து முறையாகப் பேசியவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான். ஓரளவு அப்படிப் பேசியவர்கள் இன்னும் 9 பேர். மிகப் பெரிய பிரிவினர், எந்தக் கட்சி எந்த மக்களுக்கு நல்லது செய்யும் என்ற அளவில் சிந்தித்தார்கள். பழமைவாதிகளை மட்டும் பற்றிய முடிவல்ல இது. வாக்காளர் எல்லாரையும் பற்றியது.

லாயிட் ஃப்ரீ, ஹாட்லி கேன்ட்ரில் இருவரும் 1967-இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு முரணைக் காட்டியது. அரசு தலையிடக் கூடாது, தனிமனிதர் தம் காலில் நிற்க வேண்டும் என்பது போன்ற பொதுவான கருத்துகளைக் கேட்டால் பாதிப் பேர் பழமைவாதிகளாக இருந்தார்கள். கல்வி, முதியோர் மருத்துவம், வேலைவாய்ப்பு என்று திட்டம் திட்டமாகக் கேட்டால் மூன்றில் இரண்டு பங்கினர் அரசு செலவிட வேண்டும் என்றார்கள். பேச்சில் பழமைவாதமும் செலவில் தாராளவாதமும் ஒருவரிடமே குடியிருக்கலாம் என்பது அப்போதே பதிவானது.

மறுபக்கச் சான்றும் உண்டு. ராபர்ட் லேன் 1962-இல் வெளியிட்ட நூலுக்காகத் தொழிலாளர் மற்றும் கீழ் நடுத்தர வகுப்பைச் சேர்ந்த 15 பேருடன் மணிக்கணக்கில் பேசினார். ஒற்றை வாக்கியக் கேள்விக்குத் தடுமாறக்கூடியவர்கள் நிதானமாகப் பேச விட்டபோது சமத்துவம், உழைப்பு, தகுதி பற்றிய தங்கள் எண்ணங்களைத் தாங்களே பின்னிக் காட்டினார்கள். கொள்கைச் சொற்கள் தெரியாதவரிடம் கொள்கையே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

‘ஏன்’ தெரியும், ‘எப்படி’ தெரியாது

2002-இல் லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கெய்ல் என்ற உளவியலாளர்கள், ஜிப், கழிப்பறை ஃப்ளஷ் போன்ற அன்றாடச் சாதனங்கள் இயங்கும் விதம் எவ்வளவு தெரியும் என்று பலரைக் கேட்டார்கள். நன்றாகத் தெரியும் என்றவர்கள், படிப்படியாக விளக்கச் சொன்னதும் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். ஃபிலிப் ஃபெர்ன்பாக் குழுவினர் 2013-இல் இதை அரசியலுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட கொள்கைகளில் எல்லாருக்கும் ஒரே விகித வருமான வரி என்பதும் ஒன்று. ஒரு கொள்கையை ஏன் ஆதரிக்கிறீர்கள் என்று கேட்டால் மக்கள் சரளமாகக் காரணம் சொன்னார்கள். அது எப்படிச் செயல்பட்டு எப்படி விளைவைத் தரும் என்று கேட்டபோது, தாங்கள் நினைத்த அளவுக்குத் தங்களுக்குத் தெரியவில்லை என்று உணர்ந்தார்கள். இதனால் நிலைப்பாடும் மிதமாகிறது என்ற அவர்களின் அடுத்த முடிவு, 2021-இல் வெளியான மறுசோதனைகளில் உறுதிப்படவில்லை. விளக்க முயன்றதும் ‘தெரியும்’ என்ற நம்பிக்கை குறைவது மட்டும் மீண்டும் தெரிந்தது.

வரியில் இந்த இடைவெளி நன்றாகப் புலப்படும். 2024-ஆம் ஆண்டில் தனிநபரின் வரிக்குரிய வருமானத்தில் 47,150 டாலர் வரை உள்ள பகுதிக்கு அதிகபட்சம் 12 சதவீதம், அதற்கு அடுத்த படிக்கு 22 சதவீதம். வரிக்குரிய வருமானம் 48,000 டாலராக இருந்தவர், கூடுதலான 850 டாலருக்கு மட்டுமே 22 சதவீதம் செலுத்தினார். அதனால் அவருக்குக் கூடிய சுமை 85 டாலர். மேல் படிக்குப் போனால் மொத்த வருமானத்துக்கும் உயர்ந்த விகிதம் விழும், கைக்கு வருவது குறைந்துவிடும் என்று பயப்படுபவர்கள் எல்லாக் கட்சிகளிலும் இருக்கிறார்கள்.

இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்தின் மீதான வரி இன்னொரு சான்று. ‘மரண வரி’ என்று பெயர் சூட்டிக் குடியரசுக் கட்சியினர் அதைத் தாக்கினார்கள். 2024-இல் 1 கோடியே 36 லட்சம் டாலருக்கு மேற்பட்ட சொத்துக்கே அது பொருந்தியது. இறப்பவர்களில் மிகச் சிலரின் குடும்பங்களே அதைச் செலுத்துகின்றன. ஆனாலும் அதை நீக்கலாம் என்பதற்குப் பெரும் ஆதரவு இருந்ததையும், பணக்காரர்கள் குறைவாக வரி கட்டுகிறார்கள் என்று குறைப்பட்டவர்களிலும் பலர் அப்படி நினைத்ததையும் லாரி பார்டெல்ஸ் 2005-இல் எடுத்துக்காட்டினார். இதை அறியாமை என்று மட்டும் சொல்வது முழு நியாயமாகாது. ஒருமுறை வரி கட்டிச் சேர்த்த சொத்துக்கு மறுபடி வரி கூடாது என்பது, தமக்கு லாபமோ நட்டமோ இல்லாதவரும் சொல்லக்கூடிய காரணம்தான்.

எதிர்த்தரப்பு மேலா?

ஜெஸ்ஸி கிரஹாம், பிரையன் நோசெக், ஜொனாதன் ஹைட் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். அவர்களில் சிலரை ஒரு தாராளவாதியைப் போலவும் சிலரை ஒரு பழமைவாதியைப் போலவும் நியாய உணர்வு பற்றிய கேள்விகளுக்குப் பதில் தரச் சொன்னார்கள். எதிர்த்தரப்பைச் சரியாகக் கணித்தவர்கள் நடுநிலையாளர்களும் பழமைவாதிகளும். அதிகம் பிசகியவர்கள் தாராளவாதிகள். அரசின் உதவியை அடையாளம் காண்பதும் பலருக்குக் கடினமாகவே இருக்கிறது. வீட்டுக் கடன் வட்டிக்கு வரிச் சலுகை பெற்றவர்களில் 60 சதவீதம் பேர், தாங்கள் அரசின் சமூகத் திட்டம் எதையும் பயன்படுத்தியதே இல்லை என்று சொன்னதாக சூசன் மெட்லர் 2011-இல் எழுதினார்.

ஆக, பழமைவாதிகளால் தங்கள் நம்பிக்கையை விளக்க முடியாது என்பது பாதி உண்மை. எஞ்சிய பாதி எல்லாரையும் பற்றியது. தாங்கள் எதை மதிக்கிறார்கள் என்பதை அவர்கள் தெளிவாகவே சொல்கிறார்கள். குறைத்த வரிக்கு ஈடான பணம் எங்கிருந்து வரும், எந்தச் செலவு நிற்கும் என்ற இடத்தில்தான் விளக்கம் தடுமாறுகிறது. வரியை உயர்த்தச் சொல்பவர்களும் இதே கேள்வியில்தான் தடுமாறுகிறார்கள். எந்தக் கட்சி வரி பற்றி வாக்குறுதி தந்தாலும் ‘ஏன்’ என்பதோடு நிற்காமல் ‘எப்படி’ என்றும் கேட்பது வாக்காளரின் கடமை.