ககன்யான்: ஆளில்லாச் சோதனைகள் முதலில் நடத்தப்படுவது ஏன்?

ககன்யான் திட்டத்தில் விண்வெளி செல்லத் தேர்வான நால்வரில் ஒருவர், பாலக்காடு மாவட்டம் நென்மாராவைச் சேர்ந்த விமானப்படை அதிகாரி பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர். ரஷ்யாவில் பயிற்சி பெற்ற இவ்வீரர்கள் புறப்படுவதற்கு முன், ஆளில்லா விண்கலங்களை அனுப்பிச் சோதிப்பது இஸ்ரோவின் திட்டமாகும்.

இதன் அவசியத்தைச் சோவியத் வரலாறு உணர்த்துகிறது. 1966 நவம்பர் முதல் 1967 பிப்ரவரி வரை நடைபெற்ற சோயுஸ் விண்கலத்தின் 3 ஆளில்லாச் சோதனைகளும் முழு வெற்றி பெறவில்லை. ஒருமுறை ராக்கெட் ஏவுதளத்திலேயே வெடித்தது. எனினும், ஏப்ரலில் விளாதிமிர் கோமரோவ் அனுப்பப்பட்டார். திரும்பும்போது பாராசூட் விரியாததால், கலம் தரையில் மோதி அவர் உயிரிழந்தார்.

ஆபத்து நேர்ந்தால் வீரர்களை மீட்கும் முறையை 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோ சோதித்தது. ஆளில்லாக் கலம் ராக்கெட்டிலிருந்து பிரிந்து, பாராசூட் மூலம் வங்கக் கடலில் பாதுகாப்பாக இறங்கியது.