சுழல்வெட்டியும் உப்புக்காற்றும்



தாமிரவருணியின் எட்டு அணைக்கட்டுகளுள் கடைசி இரண்டு மருதூரும் ஸ்ரீவைகுண்டமும் ஆகும். அவற்றின் பாசனத்தில் ஏரல், ஆத்தூர் வரை வாழை செழிக்கிறது. தார் வெட்டிய பின்பு தோட்டத்தில் நிற்கும் தண்டுகளை என்ன செய்வது என்பது இப்பகுதி உழவருக்கு நெடுநாளையத் தொல்லை. அவற்றை அப்படியே விட்டுவிட்டால் தண்டுக் கூன்வண்டு அவற்றில் குடிபுகுந்து பெருகி, அடுத்த நடவைக் கெடுக்கும். வடக்கே விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டிக் கரிசலிலும் கதை ஏறக்குறைய இதுவே. பருத்திமார் காட்டில் நிற்குமாயின், இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதில் தங்கி மறு பருவத்திற்குக் காத்திருக்கும். தண்டையும் மாரையும் துண்டு துண்டாக நறுக்கி மண்ணோடு சேர்த்துவிட்டால் பூச்சியும் குறையும், நிலத்திற்கு உரமும் ஆகும். இவ்வேலைக்கென டிராக்டரின் பின்னால் மாட்டி ஓட்டும் கருவியே சுழல்வெட்டி. வாடகைக்கு விடுவோர் அதனை ரோட்டரி என்றும் ஸ்லாஷர் என்றும் சொல்வர்.

இக்கருவி நமக்குப் புதிதன்று. உலகிற்கும் மிகப் பழையதன்று. எஞ்சினின் சுழற்சியைப் பின்னாலுள்ள கருவிக்குக் கொடுக்கும் தண்டு, 1918இல் அமெரிக்க இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியின் டிராக்டரில் விற்பனைக்கு வந்தது. கருவியைத் தூக்கி இறக்கும் மும்முனை இணைப்பை 1930களில் நிலைபெறச் செய்தவர் ஹாரி பெர்குசன் என்னும் அயர்லாந்துக்காரர். இவ்விரண்டையும் பயன்படுத்திக்கொண்ட சுழல்வெட்டி, 1951இல் அலபாமா மாநிலத்துச் செல்மா நகரில் விற்பனைக்கு உருவாயிற்று. நம் நாட்டில் 1960இல் தொடங்கப்பெற்ற டாபே கம்பெனி, மாஸி பெர்குசன் கூட்டுறவோடு டிராக்டர் செய்யலாயிற்று. வரலாறு இவ்வளவு போதும். நான் பேச வந்தது, பழையதாகிப்போன சுழல்வெட்டியை எப்படிப் பேணுவது, எப்படிச் செப்பனிடுவது என்பது பற்றியே.

கருவியின் அமைப்பு எளிது. கவிழ்த்த தாம்பாளம் போன்ற கனத்த இரும்புத் தகடு. அதன் நடுவே ஒரு பற்சக்கரப் பெட்டி. டிராக்டரிலிருந்து படுக்கையாக வரும் சுழற்சியை இப்பெட்டி நிமிர்த்திக் கீழே அனுப்புகிறது. கீழ்த்தண்டின் முனையில் ஒரு குறுக்குச் சட்டம்; அதன் இரு நுனிகளிலும் ஒவ்வொரு கத்தி. டிராக்டரின் தண்டு நிமிடத்திற்கு 540 சுற்றுச் சுழல்வது வழக்கம். பெட்டிக்குள் பெரிய சக்கரத்திற்கு 27 பற்களும் சிறியதற்கு 14 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். அப்பொழுது கத்தி நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,040 சுற்றுச் சுற்றும். கத்தி நுனி வரையும் வட்டம் ஒன்றரை மீட்டர் அகலமாயின், அந்நுனியின் வேகம் வினாடிக்கு 82 மீட்டர். அதாவது மணிக்கு 295 கிலோமீட்டர். வீட்டிற்குச் சென்றபின் நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இந்த வேகமே இக்கருவியின் கூர்மை எனலாம். அரிவாள் இழுத்து அறுக்கிறது. கத்தரிக்கோல் இரு அலகுக்கிடையே நசுக்கி வெட்டுகிறது. சுழல்வெட்டி அடித்து வெட்டுகிறது. தண்டு வளைந்து விலகிக்கொள்வதற்குள் கத்தி அதனைக் கடந்துவிடுகிறது. ஆகையால் சவரக்கத்தி போன்ற கூர் இதற்கு வேண்டியதில்லை. விளிம்பு ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பில் இருப்பதே நன்று; அதனினும் மெல்லியதாக்கினால் முதற் கல்லிலேயே ஓரம் உதிரும். சாணை பிடிக்கும்போது பழைய சரிவு மாறாமல், மேற்புறத்தில் மட்டும் தேய்க்க வேண்டும். சாணைக்கல்லில் அழுத்திப் பிடித்து இரும்பு நீலம் பாயுமாயின், அவ்விடத்தில் பதம் போய்விட்டது என்று அறிக. அடிக்கடி எடுத்துத் தண்ணீரில் தோய்த்து, பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது.

எடை விஷயத்தில் சிறிதும் அசட்டை கூடாது. ஒரு கத்தி மற்றதைவிட 100 கிராம் குறைந்துவிட்டது என்று கொள்வோம். மளிகைக் கடையில் அது ஒரு பொருட்டன்று. ஆனால் தண்டின் நடுவிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி, வினாடிக்குப் பதினேழு முறைக்கு மேல் சுற்றும்போது, அந்த 100 கிராம் வேறுபாடு எழுபது கிலோவுக்கு மேற்பட்ட விசையாகிப் பெட்டியை நாலாபக்கமும் உலுக்கும். பேரிங்கு தேய்வதும் தகட்டின் பற்றவைப்பு விரிவதும் பெரும்பாலும் இதனால்தான். ஆதலின் கத்திகளை இணையாகவே மாற்ற வேண்டும்; இரண்டையும் தராசிலிட்டுச் சமன் பார்த்த பின்னரே மாட்ட வேண்டும்.

அதே கணக்கைச் சற்று நீட்டிப் பாருங்கள். இரண்டு கிலோ எடையுள்ள கத்தி தன்னைப் பிடித்திருக்கும் போல்ட்டை ஏறத்தாழ ஒன்றரை டன் விசையோடு வெளியே இழுக்கிறது. செலவைச் சுருக்கும் எண்ணத்தில், லாரியின் பழைய வில்பட்டையை உலையிற் காய்ச்சி அடித்துக் கத்தியாக்கிக் கொள்வோர் நம் பக்கத்தில் உண்டு. நம் கொல்லரின் கைத்திறத்தில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அவர் அடித்துத் தரும் மண்வெட்டிக்கு ஈடு கடையில் இல்லை. எனினும் இக்கத்தியை மட்டும் அவரிடம் கேட்க வேண்டாம் என்பேன். பதம் மிகுந்தால் அது கண்ணாடி போல் முறியும், குறைந்தால் வளையும். முறிந்த துண்டு தகட்டுக்குள் தங்கும் என்பதற்கு உறுதியில்லை. வளைந்த கத்தியைக் காய்ச்சி நிமிர்த்துவதும், விரிசலைப் பற்றவைத்து மூடுவதும் இதே காரணத்தால் ஆகா.

கத்தி சட்டத்தோடு இறுகி நிற்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். போல்ட்டின் மரை இறுகியிருக்க வேண்டும். கத்தியோ அதனைச் சுற்றித் தாராளமாக ஆட வேண்டும். சுழலும்போது அது தானே விறைத்து நிற்கும். கல்லில் மோதினால் பின்வாங்கி மடியும். துரு ஏறி ஆட்டம் நின்றுபோன கத்திக்கு இந்தப் பின்வாங்கும் வழி அடைபட்டுவிடுகிறது.

இனி இணைப்புத் தண்டு. இதன் இரு முனைகளிலும் உள்ள மூட்டைப் பட்டறைகளில் கிராஸ் என்பர். தண்டு கோணலாக நிற்கும்போது ஒற்றை மூட்டு சீரான சுழற்சியைத் தராது. 20 பாகைச் சாய்வில், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஆறு விழுக்காடு விரைந்து, இருமுறை அவ்வளவே தாமதிக்கும். தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க, மூட்டுகளின் சாய்வும் சமமாயிருந்தால், முதல் மூட்டின் குறையை இரண்டாவது ஈடுசெய்துவிடும். கழற்றிய தண்டைத் திரும்ப மாட்டும்போது இதனைக் கவனியாமல் கவைகளை மாற்றி வைத்துவிட்டு, அதிர்ச்சிக்குக் காரணம் தேடி அலைவோர் பலர்.

தண்டின் மேலுள்ள பிளாஸ்டிக் உறை பழைய கருவிகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. நிமிடத்திற்கு 540 என்பது வினாடிக்கு ஒன்பது சுற்று. ஏழு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தண்டு ஒரு வினாடியில் இரண்டு மீட்டர் துணியை உருட்டி இழுத்துவிடும். தோளிலிட்ட துண்டு அவ்வளவு நீளம்தானே! “ஐயோ” என்று சொல்ல எடுக்கும் நேரம்கூட இராது. துண்டோடு கையையும் பறிகொடுத்த ஒருவரை நான் அறிவேன். வேறெந்தச் செலவைத் தள்ளிப்போட்டாலும் உறைக்கான செலவைத் தள்ளிப்போடுதல் தகாது.

இத்தண்டில் வேண்டுமென்றே மெலிதாக வைக்கப்பட்ட ஒரு போல்ட் உண்டு. வீட்டு மின்சாரத்தில் பியூஸ் கம்பி செய்கின்ற வேலையை இது செய்கிறது. கத்தி மரக்கட்டையில் சிக்கினால் இது அறுந்து, பற்சக்கரத்தைக் காக்கும். அடிக்கடி அறுகிறதே என்று எரிச்சலுற்று, உறுதியான போல்ட்டை மாட்டிவிடுகிறார்கள். அப்புறம் போல்ட் அறுவதில்லை, பல் உடைகிறது.

பழைய டிராக்டர்கள் சிலவற்றில் இன்னோர் அபாயம் மறைந்திருக்கிறது. ஒற்றைக் கிளச்சுள்ள வண்டியில் ஓட்டுநர் கிளச்சை மிதித்தவுடன் எஞ்சின் விலகிவிடுகிறது. ஆனால் கனத்த கத்திச் சட்டம் தன் வேகத்தால் தொடர்ந்து சுற்றி, தண்டின் வழியே சக்கரங்களை முன்னோக்கித் தள்ளுகிறது. வண்டி நிற்கும் என்று எண்ணிய இடத்தில் நிற்பதில்லை. எதிரே வாய்க்காலோ கிணறோ இருந்தால் என்ன ஆகும்? மிதிவண்டியின் பின்சக்கரத்தில், மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓட வழிசெய்யும் பிரீவீல் இருக்கிறதன்றோ? அதே தத்துவமுள்ள ஓர் இணைப்பைத் தண்டிற்கும் டிராக்டருக்கும் நடுவே பொருத்திவிட்டால் இத்தொல்லை தீரும்.

பற்சக்கரப் பெட்டிக்கு வருவோம். அதில் ஊற்றுவது 90 எண்ணுள்ள கியர் ஆயில். பெட்டியின் கீழ்வாயிலில் ஆயில் கசியாதிருக்க ஒரு ரப்பர் வளையம் உண்டு. வாழைத் தோட்டத்தில் இவ்வளையத்திற்கு வாய்த்த பகைவன் வாழைநார். பூத்தொடுக்கும் அந்த நார்தான், கீழ்த்தண்டில் இழை இழையாகச் சுற்றி, வெயிலில் முறுகி இறுகி, ரப்பரின் உதட்டை அரிந்துவிடுகிறது. ஆயில் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்குவது எவர் கண்ணுக்கும் தெரியாது. பெட்டி சூடேறி அலறும்போதுதான் தெரியவரும். அன்றாடம் மாலையில் நாரை அறுத்தெடுப்பது ஐந்து நிமிட வேலை. ஆனால் அதற்குமுன் எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, கத்தி ஓய்ந்தபின், தகட்டின் கீழ் மரக்கட்டைகளை முட்டுக் கொடுக்க வேண்டும். டிராக்டரின் தூக்கியை நம்பி எவரும் அடியில் புகலாகாது.

2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பொழிந்தது. ஆற்றங்கரை ஊர்களில் வயலும் வீடும் மூழ்கியதோடு கருவிகளும் மூழ்கின. வெள்ளம் வடிந்த பின்பு அப்படிப்பட்ட பழைய சுழல்வெட்டி ஒன்றைப் பார்க்க என்னை அழைத்தார்கள். அதன் வாடகை வருமானமே அக்குடும்பத்திற்கு ஆதாரம். “மேலே கொஞ்சம் புது ஆயில் ஊற்றி ஓட்டினால் போதாதா, அண்ணாச்சி?” என்று உரிமையாளர் கேட்டார். ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டு அடித்திருகைத் திறந்தேன். நீர் ஆயிலைவிடக் கனமானது. எனவே முதலில் கலங்கல் நீர் வந்தது. பின்னர் மோர் போல் வெளுத்த ஆயில் வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தால் வண்டல் நறநறத்தது. அந்நிலையில் ஓட்டியிருந்தால் அவ்வண்டலே சாணைப்பொடியாகிப் பற்களைத் தின்றிருக்கும். டீசல் ஊற்றி இருமுறை கழுவினோம். பேரிங்குகளைக் கழற்றியதில் ஒன்று துருவேறிப் புள்ளி விழுந்திருந்தது, அதனை மாற்றினோம். ரப்பர் வளையமும் புதிதாக்கப்பட்டது. புது ஆயிலில் கால் மணி நேரம் வெறுமனே ஓட்டி, அதனையும் வடித்துவிட்டு மறுபடி நிரப்பினோம். மூன்றாம் நாள் அது வேலைக்குப் போயிற்று.

வெள்ளம் எப்போதோ வருவது. உப்புக்காற்று நாள்தோறும் வருவது. 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறாத இக்கடற்கரையில் உப்பளமும் துறைமுகமும் என்றும் உண்டு. கடற்காற்றில் மிதந்து வரும் நுண்ணிய உப்பு இரும்பின் மீது படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு தானே நீரை ஈர்த்துக் கரைந்து, மெல்லிய உவர்நீர்ப் படலமாகிவிடும். மழை பெய்யாவிட்டாலும் இரவெல்லாம் இரும்பு நனைந்தே கிடக்கிறது என்று பொருள். பெட்டியின் மூச்சுத் துளையும் இதற்கு உடந்தை. சூடான பெட்டி குளிரும்போது ஈரக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒன்றினுள் ஒன்று நுழைந்து நீளும் இணைப்புத் தண்டு துருப்பிடித்து இறுகிவிட்டாலோ, கருவியைத் தூக்கும்போதெல்லாம் அது பெட்டியின் பேரிங்கை முட்டி இடிக்கும். அதனால் தண்டை மாதமொருமுறை பிரித்துத் துடைத்துக் கிரீஸ் தடவுவது கடற்கரைக்காரருக்குக் கட்டாயம்.

கழுவுவதற்கு எந்தத் தண்ணீர் என்பதும் ஒரு கேள்வி. கரையோர ஊர்களில் பல ஆழ்துளைக் கிணறுகள் உவர்ப்பானவை. அந்நீரால் கழுவுவது, துடைத்த உப்பை மீண்டும் பூசுவதாகும். ஆற்றுநீரோ வாய்க்கால்நீரோ கிடைக்கும் நாளில் கழுவி, வெயிலில் உலர்த்தி, தகட்டின் அடிப்புறத்தில் ஒட்டிய சருகைச் சுரண்டி, துருவைக் கம்பித்தூரிகையால் தேய்த்து நீக்கி, செங்காவிப் பூச்சுக் கொடுத்து வைப்பார்களாயின், வடகிழக்குப் பருவமழை முடிந்து தையில் கருவியை வெளியே எடுக்கும்போது தகடு தகடாகவே இருக்கும்.