நாடுகளை அளக்கும் எண்கள் – 7: ஈடுசெய்தல் என்னும் சிக்கல்

பல சுட்டிகளைத் திரட்டி ஒரே குறியீட்டெண்ணாக்கும் முறையில், வெவ்வேறு அலகுகளைப் பொது அளவுகோலுக்குக் கொண்டுவருவதும் ஒவ்வொரு சுட்டிக்கும் உரிய எடையை வரையறுப்பதும் முந்தைய பகுதிகளில் விளக்கப்பட்டன. எஞ்சியிருப்பது ஒருங்கிணைத்தல். வெறும் கணக்காகத் தோன்றும் இந்தப் படிநிலைதான், ஒரு துறையில் நாடு அடையும் இழப்பை மற்றொரு துறையில் அது பெறும் ஆதாயம் ஈடுசெய்யுமா என்ற கேள்விக்கு விடை சொல்கிறது.

பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹபூப் உல் ஹக் முன்னின்று, அமர்த்தியா சென்னின் துணையோடு உருவாக்கிய மனித மேம்பாட்டுக் குறியீட்டெண்ணை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990இல் வெளியிட்டது. ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றும் அதில் 0 முதல் 1 வரையிலான மதிப்புகளாக மாற்றப்படுகின்றன. இன்றைய வரையறையில் ஆயுளுக்கு 20 ஆண்டுகள் கீழெல்லை, 85 ஆண்டுகள் மேலெல்லை. தொடக்கத்தில் இம்மூன்றின் கூட்டுச் சராசரியே, அதாவது மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்துப் பெறும் எண்ணே, குறியீட்டெண்ணாகக் கொள்ளப்பட்டது. மூன்றிலும் 0.7 பெற்ற நாடும், இரண்டில் 0.9 பெற்று ஆயுளில் 0.3க்குச் சரிந்த நாடும் இம்முறையில் ஒரே நிலையில் நிற்கும். மக்கள் இளமையிலேயே மடியும் ஒரு நாட்டின் அவலத்தை அதன் செல்வம் மறைத்துவிடும் என்பதால், இந்தச் சமன்பாட்டை ஏற்பது கடினம். 2010ஆம் ஆண்டு அறிக்கை இதைக் கைவிட்டு, மூன்று மதிப்புகளையும் பெருக்கி, பெருக்கற்பலனின் கனமூலத்தைக் காணும் பெருக்குச் சராசரிக்கு மாறியது. அதன்படி முதல் நாடு 0.70இல் நிற்க, இரண்டாம் நாடு ஏறத்தாழ 0.62க்கு இறங்குகிறது.

ஆனால் சிக்கல் அத்துடன் தீரவில்லை. உலக வங்கியின் ஆய்வுத்துறை இயக்குநராக இருந்த மார்ட்டின் ரவாலியன், புதிய சூத்திரத்தில் ஓராண்டு கூடுதல் ஆயுளுக்கு எவ்வளவு வருமானம் ஈடாகக் கருதப்படுகிறது என்பதைக் கணக்கிட்டு, அம்மதிப்பு ஏழை நாடுகளில் மிகக் குறைவாகவும் செல்வ நாடுகளில் பன்மடங்கு அதிகமாகவும் அமைவதைச் சுட்டிக்காட்டினார். ஏழை நாட்டு உயிர் மலிவானது என்று சூத்திரத்தை வகுத்தவர் எவரும் கருதியிருக்கமாட்டார்; ஆயினும் சூத்திரம் அவ்வாறே கணக்கிடுகிறது. இத்தகைய உட்கிடையான ஈட்டு மதிப்புகளை வெளிப்படையாக அச்சிடாத எந்தத் தரவரிசையும் முழுமையான அறிக்கை ஆகாது.

வளங்குன்றா வளர்ச்சி, அதாவது வரும் தலைமுறைகளின் தேவைக்கு ஊறு நேராமல் இன்றைய தேவையை நிறைவுசெய்யும் வளர்ச்சி, அளக்கப்படும்போது இக்கேள்வி மேலும் கூர்மையாகிறது. ஐ.நா.வின் 17 இலக்குகளுக்கும் சம எடை தந்து கூட்டுச் சராசரி காணும் வளங்குன்றா வளர்ச்சி இலக்குகள் குறியீட்டெண்ணில் 2021 முதல் பின்லாந்து முதலிடம் வகிக்கிறது. பொறுப்பான நுகர்வையும் காலநிலையையும் குறிக்கும் 12, 13ஆம் இலக்குகளிலோ அந்நாட்டுக்கு அக்குறியீட்டெண்ணை வெளியிடும் அறிக்கையே, இலக்கு வெகு தொலைவில் இருப்பதைக் குறிக்கும் சிவப்பு நிறத்தைத் தருகிறது. பள்ளிகளின் சிறப்பு கரியமில வாயுவைக் குறைப்பதில்லை என்றாலும், சராசரி இரண்டையும் ஒரே கணக்கில் வரவு வைக்கிறது. இயற்கை வளத்தின் இழப்பை மனிதர் உருவாக்கிய மூலதனத்தால் நிரப்பிவிடலாம் என்னும் இக்கருதுகோளைப் பொருளியலார் மென் வளங்குன்றாமை என்பர்; நிரப்பவே முடியாத வளங்களும் உண்டு என்பது வன் வளங்குன்றாமை.

2020ஆம் ஆண்டு மனித மேம்பாட்டு அறிக்கை இவ்விரண்டாம் கருத்தை நோக்கி ஓரடி வைத்தது. தலா கரியமில வாயு வெளியேற்றம், ஒரு நாட்டின் நுகர்வுக்காக எங்கிருந்தாயினும் எடுக்கப்படும் மூலப்பொருள்களின் தலா அளவு ஆகிய இரண்டையும் கொண்டு அமைத்த ஒரு காரணியால் மனித மேம்பாட்டுக் குறியீட்டெண் பெருக்கப்பட்டபோது, முதலிடத்தில் இருந்த நார்வே 15 இடங்களும், லக்ஸம்பர்க் 131 இடங்களும் இறங்கின. இருப்பினும் அக்காரணியே அவ்விரு அளவுகளின் கூட்டுச் சராசரிதான் என்பதால், வெளியேற்றத்தைக் குறைத்த நாடு மூலப்பொருள் நுகர்வைப் பெருக்கிக்கொண்டாலும் மதிப்பை இழக்காதிருக்க அதில் இன்னும் வழி இருக்கிறது.